நிற்பதற்கென்று ஒரு காது

ஆதிகேசவன் குடிக்க மாட்டான். பழவேற்காடு ஏரிக்கரையில் அறுபது வீடுகள் கொண்ட அவனுடைய குப்பத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கல்யாணம், கருமாதி, அம்மன் திருவிழா என்று எதிலும் அவன் ஒரு மிடறு வாயில் வைத்துப் பார்த்தவர்கள் கிடையாது. அப்படிப்பட்டவன் 2006ஆம் வருஷம் புரட்டாசி மாதத்தில் ஒரு மத்தியானம் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தபோது, காலை அகட்டி அகட்டி வைத்து, ஒரு இடத்தில் வேலியைப் பிடித்து, இன்னொரு இடத்தில் மனைவி மணியம்மாளின் தோளைப் பிடித்து வந்தான். வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் கடந்து போனபிறகுதான் பேச்சு ஆரம்பமானது.

அதற்கு ஒரு மாதம் முன்னால் அவன் வலது குதிகாலில் கெளுத்தி முள் ஏறியிருந்தது. ஏரியில் மீன் பிடிக்கிறவனுக்கு அது பெரிய சமாச்சாரம் இல்லை. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் தண்ணீரில் இறங்கினான். நான்காம் நாள் கால் முழங்கால்வரை வீங்கி, காய்ச்சலில் உளற ஆரம்பித்துவிட்டான். மணியம்மாளின் தம்பி அருணகிரிதான் வேன் பிடித்துச் சென்னைக்குக் கொண்டுபோனான். இரண்டு நாள் தாமதித்திருந்தால் காலை எடுத்திருப்போம் என்று அங்கே சொன்னார்கள். மூன்று வாரம் காலையும் மாலையும் ஊசி போட்டார்கள். கால் தப்பியது.

பதினேழாம் நாள் கட்டிலைவிட்டு இறங்கியவன், தரை மிதப்பதாகச் சொன்னான். படுத்தே கிடந்ததால் அப்படி இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியும் சரியாகவில்லை. உட்கார்ந்திருந்தால் ஒன்றும் இல்லை. எழுந்து நடந்தால் தெருவே குலுங்கியது. எதிரில் வருகிறவர் முகம் தெரியாது, நின்று பார்த்தால்தான் தெரியும். அதனால் வணக்கம் வைத்தவர்களுக்குப் பதில் வணக்கம் வைக்காமல் போனான். "ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததுலேர்ந்து ஆளுக்கு மெதப்பு ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்கள். குளிக்கும்போது தலைக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். சாயங்காலம் கரண்ட் போனால், விளக்கு வரும்வரை இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டான். காது மட்டும் முன்னைப்போலவே கூர்மையாகக் கேட்டது. தன்னைப் பற்றித் தெருவில் பேசிக்கொண்டது அத்தனையும் அவனுக்குக் கேட்டது.

கார்த்திகையில் இறால் நன்றாகப் படுகிறது என்று பேச்சு வந்தது. இனியும் வீட்டில் உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை. மணியம்மாள் கூடையோடு சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அருணகிரியைக் கூட்டிக்கொண்டு படகில் ஏறினான். உட்கார்ந்தபடி போகும்வரை சந்தோஷமாகவே இருந்தான். உப்புக்காற்று முகத்தில் பட்டது. தூரத்தில் நாரைகள் வரிசையாக நின்றன. கால்வாய்ப் பக்கம் வந்ததும், படகின் முனையில் எழுந்து நின்று வீச்சு வலையைத் தோளில் மடித்துப் போட்டு, ஒரு ஓரத்தைப் பல்லில் கவ்வி, உடம்பைத் திருப்பினான்.

ஏழு வயதிலிருந்து செய்த வேலை. அன்றைக்குத் திரும்பிய உடம்பு எந்த இடத்தில் நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. வலையோடு சேர்ந்து தண்ணீருக்குள் போனான்.

அங்கே ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகமான ஆழம்தான் இருக்கும். மழைத்தண்ணீர் கலந்து கலங்கிக் கிடந்தது. ஆதிகேசவன் பதறவில்லை. நீந்தத் தெரிந்தவன் எதற்குப் பதற வேண்டும்? வலையை உதறிவிட்டு, கையை வீசி மேலே போனான். ஒரு வீச்சு, இரண்டு வீச்சு, மூன்றாவது வீச்சில் அவன் முகம் சேற்றில் புதைந்தது. மேலே இருக்கவேண்டிய இடத்தில் சேறு எப்படி வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. இன்னும் வேகமாகக் கையை வீசினான். அப்போது யாரோ அவன் காலைப் பிடித்து இழுத்தார்கள். தன்னை ஆழத்துக்கு இழுக்கிறார்கள் என்று நினைத்து, பலங்கொண்ட மட்டும் உதைத்தான். அருணகிரியின் மூக்கில் அந்த உதை விழுந்து ரத்தம் வந்தது. ஆனாலும் அவன் பிடியை விடவில்லை.

படகில் கவிழ்ந்து படுத்து, சேற்றையும் தண்ணீரையும் கக்கி முடித்தபிறகு ஆதிகேசவன் கேட்டான்: "எதுக்குடா உள்ள இழுத்த?"

"நீதான் மாமா கீழ போய்க்கினு இருந்த. நான் மேல இழுத்தேன்."

கரை வந்து சேரும்வரை ஆதிகேசவன் படகின் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

மணியம்மாள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டு, புருஷனைப் பார்த்து, "இனிமே தண்ணில காலு வெச்சின்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன்" என்று மட்டும் சொன்னாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் போனால் அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் அவனோடு படித்த யேசுதாஸ் அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி செய்கிற ஒரு ஆலையில் சூப்பர்வைசராக இருந்தான். அவனிடம் போய் மணியம்மாள் வேலை கேட்டாள். தை மாதம் குப்பத்து வீட்டைப் பூட்டிச் சாவியை அருணகிரியிடம் கொடுத்துவிட்டு, இருவரும் கும்மிடிப்பூண்டியில் ஒற்றை அறை வீட்டுக்குக் குடிவந்தார்கள். சுற்றிலும் பீகார், ஒரிசாவிலிருந்து வந்த ஆட்கள். லாரிகள் ஓயாமல் போகும். கொடியில் காயப்போட்ட துணியில் சாயங்காலத்துக்குள் கரித்தூள் படிந்துவிடும். மணியம்மாள் வாசலில் மீன் வறுத்து விற்க ஆரம்பித்தாள்.

ஆலையில் ஆதிகேசவனுக்குப் பெருக்குகிற வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பு, உருளைகளுக்கு நடுவே நுழைந்து, மெலிந்து, நீளமான சிவப்புக் கம்பியாகப் பாய்ந்து போகும். போகிற வழியில் உதிர்கிற செதில்களைக் கூட்டி அள்ள வேண்டும். சிமெண்டுத் தரை ஆடாமல் இருந்ததால் முதல் ஒரு மாதம் சமாளித்தான். சுவரோரமாக நடந்தான். திரும்பவேண்டிய இடத்தில் நின்று திரும்பினான்.

மாசி மாதம் ஒருநாள் கம்பி ஓடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றான். கண் முன்னால் இடமிருந்து வலமாகச் சிவப்புக் கம்பி பாய்ந்தது. கம்பி நின்றுவிட்டதாகவும் தான் இடது பக்கம் வழுக்கிக்கொண்டு போவதாகவும் அவனுக்குத் தோன்றியது. விழாமல் இருப்பதற்காக உடம்பை வலது பக்கம் தள்ளினான். அப்படித் தள்ளியதில் உண்மையாகவே விழுந்தான். இடையில் தடுப்புக் குழாய் இருந்ததால் பிழைத்தான். குழாயின் சூட்டில் முன்கை வெந்துபோனது.

பாதுகாப்பு அதிகாரி வந்தார். காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "வாய ஊது" என்றார். ஆதிகேசவன் ஊதினான். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. வாசல் காவலாளியைக் கூப்பிட்டு அவனையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். இரண்டு பேர் முன்னால் வாயை ஊதிவிட்டு, வெந்த கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

அன்று சாயங்காலம் கைக்கு மருந்து தடவும்போது மணியம்மாள் வழக்கத்தைவிடக் கிட்டத்தில் வந்து குனிந்தாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். அது அவனுக்குத் தெரிந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

யேசுதாஸ் ஒருவன்தான் அவனைச் சந்தேகப்படவில்லை. "ஆதி, நீ குடிக்கலன்னு எனக்குத் தெரியும். அப்போ வேற இன்னாவோ இருக்குது. பொன்னேரில காது டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. தல சுத்துறதுக்கெல்லாம் அவங்கதான் பாக்கறாங்க. போய்க் காட்டிட்டு வந்தாத்தான் உன்ன உள்ள விடுவேன்" என்றான்.

"காதுல எனக்கு ஒண்ணுமில்லையே."

"போய்த்தான் பாரேன்."

டாக்டர் நௌஷீனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஊர் பேரைக் கேட்டதும், "எங்க வாப்பாவும் பழவேற்காடுதான். பஜார்ல ஜவுளிக்கடை வெச்சிருந்தாரு" என்றார். கம்பி ஓடுகிற இடத்தில் அவன் விழுந்ததைக் கூட வந்திருந்த மணியம்மாள் சொல்ல, கேட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஊசியின் பேர் இருந்த தாளை மட்டும் இரண்டு தடவை படித்தார். அப்புறம் அவனை அறை நடுவில் நிற்கவைத்து, கண்ணை மூடச் சொன்னார். ஆடினான், ஆனால் விழவில்லை. அடுத்து தரையில் ஒரு தடித்த பஞ்சு மெத்தையைப் போட்டு அதன்மேல் நிற்கச் சொன்னார். நின்றான். "இப்பக் கண்ண மூடுங்க அண்ணே" என்றார். மூடிய நொடியில் வெட்டிய வாழையாகச் சாய்ந்தான். டாக்டரும் உதவிக்கு நின்ற பெண்ணும் தயாராகக் கையை நீட்டியிருந்ததால் தாங்கிக்கொண்டார்கள்.

நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தபிறகு டாக்டர் பேசினார்.

"காதுக்குள்ள ரெண்டு வேலை நடக்குது அண்ணே. ஒண்ணு, கேக்கறது. இன்னொண்ணு, தலை எந்தப் பக்கம் சாயுது, எந்தப் பக்கம் திரும்புதுன்னு மூளைக்குச் சொல்றது. உங்களுக்கு முதல் வேலை நல்லா நடக்குது. ரெண்டாவது நின்னுபோச்சு. ரெண்டு காதுலயும். உங்க காலைக் காப்பாத்தின மருந்து இருக்கே, அது சில பேர் உடம்புல இப்படிப் பண்ணிடும். யாருக்குப் பண்ணும்னு முன்னாடியே சொல்ல முடியாது."

"நிக்கறதுக்கும் காதுக்கும் இன்னா டாக்டரம்மா சம்பந்தம்?" என்று மணியம்மாள் கேட்டாள்.

"நாம நேரா நிக்கிறோமா, சாயறோமான்னு மூளைக்கு மூணு பேர் சொல்லிக்கினே இருக்காங்கம்மா. கண்ணு, காலு, இந்தக் காது. மூணு பேரும் எப்பவும் ஒரே மாதிரி சொல்லமாட்டாங்க. ஒருத்தர் தப்பாச் சொன்னா, மத்த ரெண்டு பேர் சொல்றத வெச்சு மூளை முடிவு பண்ணிக்கும். அண்ணன் கம்பியப் பாத்தாரு. நீ நகர்ற அப்படின்னு கண்ணு சொல்லிச்சு. இல்லயே, நின்னுக்கினுதான் இருக்கேன்னு காலு சொல்லிச்சு. நமக்கா இருந்தா காது காலோட சேந்துக்கும், விழமாட்டோம். அவருக்கு அந்த மூணாவது ஆள் பேசறதில்ல. மூளை கண்ண நம்பிடுச்சு. அவ்ளோதான்."

ஆதிகேசவன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான். "தண்ணிக்குள்ள விழுந்தேன் டாக்டரம்மா. மேல போறேன்னு நெனச்சு சேத்துக்குள்ள போய்ட்டேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "கலங்கின தண்ணியா?"

"ஆமா."

"கலங்கின தண்ணில கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. காலுக்குத் தரை இல்ல. அங்க எது மேல, எது கீழன்னு சொல்றதுக்கு காதை விட்டா ஆள் இல்ல. இனிமே தனியாத் தண்ணில இறங்கவே கூடாது. இத நான் சும்மா சொல்லல."

"எப்போ சரியாவும்?"

"அது திரும்பி வராது அண்ணே. ஆனா கண்ணையும் காலையும் இன்னும் நல்லாக் கேக்கறதுக்கு மூளையப் பழக்கலாம். பயிற்சி இருக்கு. ஆறு மாசம், ஒரு வருஷம் ஆவும். தெருவுல நேரா நடப்பீங்க. வேலை பாக்கலாம். பஸ்ல போலாம்."

"படகுல நிக்கலாமா?"

டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவை மூடினார்.

"படகுல பலகையும் ஆடுது, தண்ணியும் ஆடுது. காலு சொல்றதையும் நம்ப முடியாது, கண்ணு சொல்றதையும் நம்ப முடியாது. முப்பது வருஷமா உங்கள அங்க நிக்க வெச்சது அந்தக் காதுதான்."

"காலுதான்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான் ஆதிகேசவன்.

திரும்பி வரும்போது கவரப்பேட்டையில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு சரக்கு வண்டி ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றிருந்தது. ஆதிகேசவன் கண்ணைத் தாழ்த்தித் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலோரம் இருந்த மணியம்மாள், "அப்பாடா, கெளம்பிட்டான்" என்றாள். சொல்லிவிட்டு முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி பெட்டியாக நகர்ந்து கடைசிப் பெட்டியும் போனது. ஜன்னலுக்கு வெளியே கவரப்பேட்டை நடைமேடையும் அதன் பெயர்ப்பலகையும் இருந்த இடத்திலேயே இருந்தன. போனது சரக்கு வண்டி. இவர்கள் வண்டி அசையக்கூட இல்லை.

மணியம்மாள் கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெஜமா போற மாதிரியே இருந்துச்சுயா. உடம்பே பின்னால சாஞ்சிச்சு."

"எனக்கு நாள் பூரா இப்படித்தான் மணி" என்றான் அவன்.

அவள் கும்மிடிப்பூண்டி வரும்வரை அவன் வெந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ரயிலடியில் இறங்கி நடக்கும்போது, "நேத்து உன் வாய மோந்து பாத்தேன். தப்புதான்" என்றாள்.

"தெரியும்" என்றான்.

மறுநாளே ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பெரிதாக 'அ' என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். அந்த எழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். எழுத்து குதிக்காமல் நிற்கும்வரை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் வாரம் எழுத்து இரண்டாகவும் மூன்றாகவும் தெரிந்தது. பத்து தடவை ஆட்டினால் வாந்தி வந்தது. மணியம்மாள் வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இன்னும் பத்து" என்பாள். பழைய இலவம்பஞ்சு மெத்தையை மடித்துப்போட்டு அதன்மேல் நிற்கவைத்தாள். அவன் சாயும்போது பிடிப்பதற்காக அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து நிற்பாள். வாசலில் வறுத்த மீன் கேட்டு வந்தவர்கள் காத்திருந்துவிட்டுப் போனதுண்டு.

யேசுதாஸ் அவனைக் கம்பி ஓடுகிற இடத்திலிருந்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றினான். கையுறை, தலைக்கவசம், ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதும் வேலை. அங்கே எதுவும் ஓடாது. ஆவணிக்குள் அவன் தெருவில் யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாதபடி நடந்தான். நடந்தபடியே கடைகளின் பெயர்ப்பலகையைப் படித்தான். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கி எதிர்ல வந்த யேசுதாஸுக்கு நடந்துக்கினே வணக்கம் வெச்சேன்" என்றான். மணியம்மாள் அதைப் பெரிய விசேஷமாக எடுத்துக்கொண்டு பாயசம் வைத்தாள்.

ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் நிழலில் படுக்கும்போது, ஆலைக்குப் பின்னால் சூடான தண்ணீரை ஆறவிடுகிற தொட்டிக்கரையில் போய் அவன் உட்கார்ந்திருப்பான். கல்யாண மண்டபம் அளவுக்கு அகலமான சிமெண்டுத் தொட்டி. இரும்பு வாடையடிக்கிற வெதுவெதுப்பான தண்ணீர். அதில் மீனும் இல்லை, உப்பும் இல்லை. காற்றடித்தால் மட்டும் மேலே சின்னச் சின்னதாக அலை எழும்பும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் யேசுதாஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா ஆதி பாக்கற?" என்று கேட்டான். "காத்து எந்தப் பக்கம்னு பாத்தேன்" என்றான். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்த ஆலையில் யாருக்கும் ஒன்றும் இல்லை.

தூக்கத்தில் மட்டும் அவன் படகில் நின்றான். ஒரு காலை முன்னால் வைத்து, ஒரு காலைக் குறுக்கில் வைத்து, ஆடுகிற பலகைமேல் ஆடாமல் நின்றான். எழுந்த பிறகும் கொஞ்சநேரம் அந்த நிலை உடம்பில் இருக்கும். பல் விளக்கக் குனிந்ததும் போய்விடும்.

மார்கழி கடைசியில் அருணகிரி வந்தான். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதைக் குப்பம் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பேர். குப்பத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் அதில் ஒரு பேர் உண்டு. தை பிறந்ததும் சீட்டு.

"போன வருசம் நோவுன்னு சொல்லி உன் பேர்ல நானே போனேன். இந்த வருசம் கேக்கறாங்க மாமா. நீயே எறங்குவியா, இல்லியான்னு."

ஆதிகேசவன் மணியம்மாளைப் பார்த்தான். அவள் சட்டியைத் துலக்கிக்கொண்டே, "போய்ப் பாரு" என்றாள். "ஆனா நானும் வருவேன். இடுப்புல கயிறு கட்டிக்கினுதான் நிக்கணும். ஒரு முனை என் கைல இருக்கும்."

பொங்கலுக்கு மறுநாள் மூவருமாகப் படகில் போனார்கள். காற்று இல்லாத காலை நேரமாகப் பார்த்துத்தான் போனார்கள். இடுப்பில் கயிற்றோடு ஆதிகேசவன் எழுந்தான். டாக்டர் சொன்னபடி, ஆடாத ஒன்றாக, தூரத்துக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தான். ஐந்து எண்ணுவதற்குள் உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது தடவை பக்கவாட்டில் சாய்ந்தான், அருணகிரி பிடித்தான். மூன்றாவது தடவை யாரும் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தான். குறுக்குப் பலகையில் தாடை மோதி உதடு கிழிந்தது. கரை சேரும்வரை மணியம்மாள் முந்தானையால் அவன் வாயை அழுத்திப் பிடித்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் கூட்டம். உதடு வீங்கியிருந்ததால் ஆதிகேசவன் பேசியது தெளிவாக இல்லை. அதனால் இரண்டு தடவை சொல்லவேண்டி வந்தது.

"என் பேர எடுத்துடுங்க."

தலைவராக இருந்த பெரியவர், "ஒரு வருசம் பொறுத்துப் பாக்கலாம்பா. அதுவரிக்கும் அருணகிரி போவட்டும்" என்றார்.

"வாணாம். என் காதுக்குள்ள ஒண்ணு செத்துப்போச்சு. அது திரும்பி வராதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. தண்ணில எறங்காதவன் பேரு எதுக்கு? அந்த நாள வேற ஒருத்தருக்குக் குடுங்க."

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நான் உன்னக் குடிகாரன்னு சொன்னேன் ஆதி. மனசுல வெச்சுக்காத" என்றார். ஆதிகேசவன் தலையசைத்தான். பேரை எடுத்தார்கள். சீட்டு எழுதும்போது அவன் அங்கே இருக்கவில்லை. பூட்டிக் கிடந்த தன் வீட்டைத் திறந்து, தரையைப் பெருக்கிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் இரண்டாம் ஷிப்டுக்கு அவன் ஆலையில் இருக்க வேண்டும். பத்து மணி பஸ்ஸைப் பிடித்தால் போதும். விடிந்ததும் மணியம்மாளிடம், "சும்மா ஒரு தரம் போய்ட்டு வரலாமா? நிக்கவெல்லாம் மாட்டேன்" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். உதட்டில் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

படகின் நடுவில் மண்டி போட்டு உட்கார்ந்து, கழியைத் தண்ணீருக்குள் ஊன்றி அவனே தள்ளினான். மண்டி போட்டிருக்கும்போது சமாளிக்க முடிந்தது. மணியம்மாள் எதிரில் அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏரியில் ஆழமில்லாத இடமாகவே போனார்கள். ஒரு இடத்தில் கழி சேற்றில் ஆழமாக இறங்கிச் சிக்கிக்கொண்டது. பிடுங்குவதற்காக இரண்டு கையாலும் அதைப் பற்றி, தன்னையறியாமல் எழுந்தான்.

எழுந்தவன் அப்படியே நின்றான்.

படகு காலுக்குக் கீழே ஆடியது. தண்ணீர் சூரிய வெளிச்சத்தில் அசைந்தது. ஆனால் கையில் இருந்த கழி அசையவில்லை. அதன் மறுமுனை ஏரியின் தரைக்குள் இருந்தது. அந்தத் தரை அசையாமல் இருப்பது மூங்கில் வழியாக அவன் உள்ளங்கைக்கு வந்தது. மணியம்மாள் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். மனதுக்குள் எண்ண ஆரம்பித்து, நூறு தாண்டியதும் நிறுத்திவிட்டாள்.

"நிக்கறயா" என்றாள், மிக மெதுவாக.

"நிக்கறேன். கீழ தரை இருக்குது மணி. கைல தெரியுது."

அவன் ஒரு காலை முன்னால் வைத்தான். ஒரு காலைக் குறுக்கில் வைத்தான். ஒன்றேகால் வருஷமாக உட்கார்ந்த உயரத்திலிருந்தே பார்த்த ஏரியை இப்போது நின்ற உயரத்திலிருந்து பார்த்தான். நின்றால்தான் தூரத்தில் தண்ணீர் எங்கே கருக்கிறது, எங்கே சுழிக்கிறது என்று தெரியும். கிழக்கே முகத்துவாரத்துப் பக்கம் மூன்று படகுகள் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் அருணகிரி இருக்கக்கூடும்.

"எடுத்த பேரத் திரும்பச் சேக்கச் சொல்லட்டுமா? இன்னும் ஒரு நாள்கூட ஆவலயே" என்று மணியம்மாள் கேட்டாள்.

அவன் கழியைக் கொஞ்சம் தளர்த்தி, சேற்றிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பார்த்தான். உடனே முழங்கால் மடங்கியது. மறுபடியும் ஊன்றினான். நிமிர்ந்தான்.

"வாணாம். இத ஊனி வெச்சா நிக்கலாம், போவ முடியாது. எடுத்தா போலாம், நிக்க முடியாது. வலை போடறதுக்கு ரெண்டும் வேணும்."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமில்ல. லீவுல வரலாம்."

மணியம்மாள் கயிற்றை ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. கரையில் பொன்னேரி பஸ் வந்து திரும்பி நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"பஸ்ஸு வந்துடுச்சு" என்றாள்.

"தெரியுது."

அவன் கழியைப் பிடுங்கவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை. பஸ் இன்னொரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டுப் போனது. அடுத்த பஸ் பதினொன்றரைக்கு. அதில் போனால் ஆலைக்கு அரைமணி நேரம் தாமதமாகும், யேசுதாஸிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். அவன் முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.